அவள் என்று எழுதியிருந்த கதை

என் கையெழுத்து அழகாக இருக்கும், சாமி. ஊரில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் பத்திரிகை உறைமேல் விலாசம் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். திருவிழா நோட்டீசுகூட அச்சுக்குப் போகும்முன் என் கைக்கு ஒருமுறை வந்துவிட்டுத்தான் போகும். ஆகவே சென்ற வாரம் நீங்கள், "வாயால சொன்னாப் போதாது டீச்சர், எழுதிக் குடுங்க" என்றபோது எனக்கு அது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. கோடு போட்ட தாள் வைத்திருக்கிறேன். மசியும் இருக்கிறது.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. என் தங்கை மரிய செல்வி கிணற்றில் விழுந்தாளா, குதித்தாளா என்பது. எட்டு வருஷமாக அவள் கல்லறைச் சுவருக்கு வெளியே, மந்திரிக்காத மண்ணில் கிடக்கிறாள். குதித்தவளுக்கு உள்ளே இடமில்லை என்று அப்போதிருந்த பங்குச் சாமி சொல்லிவிட்டார். எங்கள் அம்மா ஜெபமாலை அம்மாளுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. முழுவதும் இருட்டுவதற்குள் மகளைச் சுவருக்கு உள்ளே பார்த்துவிட வேண்டும் என்று உங்களிடம் மனுக் கொடுத்திருக்கிறாள். அன்றைக்கு வீட்டில் இருந்தவள் நான் ஒருத்திதான். குதித்துவிட்டாள் என்று அன்று சொன்னவளும் நான்தான். அதனால் என்னைக் கேட்கிறீர்கள். நியாயம்.

பதில் ஒரு வார்த்தைதான். ஆனால் அந்த வார்த்தைக்கு முன்னால் ஒரு கதையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

செல்வி என்னைவிட ஏழு வயது இளையவள். நான் திருச்சியில் பி.ஏ.யும் பி.டி.யும் முடித்துவிட்டுக் கீரனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்று வீட்டில் இருந்தாள். வீட்டில் இருந்தவள் கதை எழுதினாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், கோழி கிளறிய மாதிரி எழுதுவாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் தெரியாது. அதைப் படிக்கும்படி திருத்தமாகப் பிரதி எடுத்து, தபால் தலை ஒட்டி, சென்னைப் பத்திரிகைக்கு அனுப்புவது என் வேலை. மூன்று கதைகள் போன வேகத்தில் திரும்பி வந்தன. அவள் அழவில்லை. "அவங்களுக்கு ருசி தெரியலக்கா" என்று சிரித்தாள்.

நான்காவது கதையை அவள் என்னிடம் கொடுத்தது ஐம்பத்தெட்டாம் வருஷம் தை மாதம். எங்கள் கடலைக் காட்டில் களை எடுக்க வரும் செவந்தி என்ற பெண்ணுக்கு நடந்தது அது. யாரையோ நம்பி ஏமாந்து, பிள்ளை பெற்று, திருச்சியில் ஒரு கன்னியர் மடத்து வாசலில் இருக்கும் தொட்டிலில் போட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தவள். செல்வியிடம் ஒருநாள் வரப்பில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். யாரிடமும் பெயரைச் சொல்லக் கூடாது என்று மாதா மேல் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவள் நம் வேதத்துக்காரி இல்லை, இருந்தாலும் செல்வி எந்தச் சத்தியத்துக்குக் கட்டுப்படுவாள் என்று தெரிந்து வைத்திருந்தாள். செல்வி என்னிடம் மட்டும் சொன்னாள். "நீ வேற ஆளு இல்லையேக்கா."

சென்ற வருஷம் செவந்தி அம்மை கண்டு இறந்துபோனாள். அதனால்தான் இன்று அவள் பெயரை எழுதுகிறேன். கொடுத்த வாக்கை மீறுகிறவள் இல்லை நான்.

கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு குறை. பத்திரிகைகள் ஏன் திருப்பி அனுப்புகின்றன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. செல்வி எல்லாவற்றையும் 'அவள்' என்று எழுதியிருந்தாள். அவள் பஸ் ஏறினாள். அவள் தொட்டிலைத் தொட்டாள். திரும்பி வரும் வழியில் அவள் ரவிக்கை நனைந்தது.

எட்டாம் வகுப்புக்கு நான் தன்மை, முன்னிலை, படர்க்கை நடத்துகிறவள். 'அவள் ரவிக்கை நனைந்தது' என்றால், படிக்கிறவர்கள் தூரத்தில் நின்று ஐயோ பாவம் என்பார்கள். அந்தப் பெண் யாரோ ஒருத்தி. 'என் ரவிக்கை நனைந்தது' என்றால் யாரும் தூரத்தில் நிற்க முடியாது. எழுதியவளைத் திரும்பிப் பார்த்தே தீர வேண்டும். சம்பவம் அதேதான், பஸ் அதேதான், தொட்டிலும் அதேதான். சொல்கிற ஆள் மாறினால் கதையின் அர்த்தமே மாறிவிடுகிறது. முதலில் இருந்தது இரக்கம். மாற்றிய பிறகு அது ஒப்புதல்.

ஆகவே பிரதி எடுக்கும்போது மாற்றினேன். நம் மொழியில் அது சுலபம். போனாள் என்பதைப் போனேன் என்று ஆக்க வால் எழுத்து ஒன்று போதும். புதிதாக ஒரு சம்பவம், ஒரு வர்ணனை, ஒரு பொய் நான் சேர்க்கவில்லை. ஒரே ஒரு வரியை மட்டும் எடுக்க வேண்டியிருந்தது. மடத்து வாசலில் இருந்த பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் அவள் நிற்பாள். 'அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது' என்று செல்வி எழுதியிருந்தாள். நான் என்று சொல்லிக் கதை எழுதுகிறவளுக்கு எழுதத் தெரியாது என்றால் வாசகர்கள் சிரிப்பார்கள் அல்லவா. அடித்துவிட்டேன்.

கதையின் கீழே செல்வியின் பெயரையும் ஊரையும் போட்டேன். அவள் எழுதிய கதைக்கு என் பெயரைப் போட்டுக்கொள்ள நான் திருடி இல்லை.

பத்திரிகையின் பதில் என் பள்ளிக்கூட விலாசத்துக்கு வரும்படி செய்தேன். அதற்கும் காரணம் இருந்தது. எங்கள் ஊருக்குத் தபால் கொண்டுவரும் செல்லமுத்து, கார்டாக இருந்தால் தெருமுனையிலேயே சத்தமாகப் படித்துவிட்டுத்தான் கையில் கொடுப்பான்.

செல்வி கதையைக் கொடுத்தது தை என்றேன். நான் பிரதி எடுத்தது மாசி. நடுவில் ஒருநாள் பெண் பார்க்க வந்தார்கள்.

மாப்பிள்ளை அடைக்கலராஜ் எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இரண்டு வருஷமாக எட்டரை பஸ்ஸில் ஒன்றாகத்தான் போய் வந்தோம். அவர் எனக்குப் பஸ்ஸில் இடம் பிடித்து வைப்பார். அவருக்கு நான் புத்தகங்கள் கொடுப்பேன். அவர்மேல் எனக்கு எந்த எண்ணமும் இருந்தது கிடையாது. எந்தக் கிழமையில் எந்தச் சட்டை போட்டு வருவார் என்பது தெரியும், அவ்வளவுதான். பேசி முடிக்க வருகிறோம் என்று அவர் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பியபோது அம்மா எனக்குத்தான் பட்டுச்சேலையை எடுத்து வைத்தாள். நானும் கட்டிக்கொண்டேன். யார் வந்தாலும் வீட்டில் மூத்தவள் கொஞ்சம் நன்றாக இருக்க வேண்டாமா.

அவருடைய அம்மா அருளம்மாள் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமல் சொன்னார்.

"பெரியது பி.ஏ. எல்லாம் படிச்சிருக்குங்க. நமக்கு அம்புட்டு எதுக்கு. சின்னதக் குடுங்க, வீட்டோட இருக்கும்."

எங்கள் அப்பா இருதயநாதன் என்னைப் பார்த்தார். அடைக்கலராஜ் காப்பி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செல்விக்கு நல்ல இடம்ப்பா. முடிச்சிருங்க" என்று முதலில் சொன்னது நான்தான். வேண்டுமானால் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

அதற்கு அடுத்த வாரம்தான் பிரதி எடுத்தேன். ஓய்வு அப்போதுதான் கிடைத்தது.

பங்குனிக் கடைசியில் பத்திரிகையிலிருந்து கார்டு வந்தது. கதை மிகவும் உருக்கமாக இருப்பதாகவும், மே பதினொன்றாம் தேதி இதழில் வெளிவரும் என்றும் எழுதியிருந்தார்கள். செல்வியிடம் சொல்லவில்லை. அச்சில் பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று நினைத்தேன். அக்காள் தங்கைக்குள் அப்படி விளையாட்டு உண்டு.

அந்த வாரமே அப்பா காலண்டரை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "ஞானம், ஈஸ்டர் கழிச்சு எந்த ஞாயித்துக்கெழமை மொத ஓலை குடுக்கலாம்?"

ஓலை வாசிப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசையில், பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் சொல்லி, "இவர்களுக்குள் விக்கினம் ஏதேனும் உண்டென்று அறிந்தவர்கள் சுவாமியாரிடம் தெரிவிக்கக் கடவர்கள்" என்று வாசிப்பீர்கள். இரண்டு ஓலை வாசித்துவிட்டால் பெண் பாதி புருஷன் வீட்டுக்குப் போன மாதிரி. மூன்றாவது வாசிக்கப்படாமல் நின்றால், அந்தப் பெண்ணுக்கு அதற்குப் பிறகு யாரும் ஓலை கொடுக்கமாட்டார்கள். ஏன் நின்றது என்பதைச் சாமி சொல்லமாட்டார். சொல்லாததால் ஊரே சொல்லும்.

"மே நாலுல ஆரம்பிங்கப்பா. பதினெட்டோட மூணும் முடிஞ்சிரும்" என்றேன்.

பதினொன்றாம் தேதி இரண்டாவது ஓலை வாசித்தார்கள். செல்வி முக்காட்டுக்குள் சிரித்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். திங்கட்கிழமை வாசகசாலைக்கு இதழ் வந்தது. புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு அருளம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா பாயை விரித்தாள். அவர் உட்காரவில்லை. பத்திரிகையைச் செல்வியிடம் நீட்டினார்.

"இது நீ எழுதினதாம்மா?"

செல்வி பிடுங்காத குறையாக வாங்கினாள். "வந்துருச்சா. ஐயோ, அக்கா, எம்பேரு பாருக்கா. அம்மா, இங்கிட்டு வாங்களேன்." தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகுதான் படித்தாள். முதல் வரியிலேயே அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்ன முழிக்கிற? எம்மவன்தான் எனக்கு வாசிச்சுக் காட்டுனான். பாதிக்கு மேல முடியலன்னு எந்திரிச்சுப் போயிட்டான்."

"இது கதைங்கத்தை."

"கதைதான். யாரு கதை? நான் போனேன், நான் பெத்தேன், நான் போட்டுட்டு வந்தேன்னு எழுதியிருக்கே. நான்னா யாரு? எங்க ஆத்தாளா?"

"நான் அப்படி எழுதலங்க."

"கீழ போட்டிருக்கிறது ஒம்பேருதானே?"

"பேரு எம்பேருதான்."

"அப்ப யாருக்கு நடந்துச்சு, அதச் சொல்லு. கேட்டுட்டு எம்பாட்டுக்குப் போறேன்."

செவந்திக்கு அந்தப் பங்குனியில்தான் கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரித் தோப்பு காவல்காரன் ஒருவனோடு கல்யாணம் ஆகியிருந்தது.

"சத்தியம் பண்ணியிருக்கேங்கத்தை. சொல்லப்படாது."

"எதுக்குச் சத்தியம் பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாதாக்கும்" என்று அருளம்மாள் சிரித்தார்.

செல்வி என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுக்கா. நான் எப்படி எழுதிக் குடுத்தேன்னு நீ சொல்லு."

"நீ எழுதுனதத்தானே செல்வி நான் பாத்து எழுதுனேன்" என்றேன்.

அந்த வாக்கியத்தை எட்டு வருஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அதில் இலக்கணப் பிழை இல்லை. பொய் என்றும் திட்டமாகச் சொல்ல முடியாது. செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் என்னைத் திட்டியிருந்தால், அருளம்மாள் முன்னால் என் தலைமுடியைப் பிடித்திருந்தால், நானே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன் என்றுதான் நம்புகிறேன். அவள் பத்திரிகையை மடித்து அத்தையிடம் திருப்பிக் கொடுத்தாள். அம்மா மட்டும், "ஞானம், என்னடி இது, என்னடி இது" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அப்போதைய சாமி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வீட்டில் படித்தவள் என்று என்னைக் கேட்டார். "அவ எழுதுனதுதான் சாமி. அதுக்கு மேல சொல்ல எனக்கு வாய் வரல" என்றேன். அவர் என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். பாவம், நல்ல மனிதர். நான் துக்கத்தில் இருப்பதாக நினைத்தார். துக்கத்தில்தான் இருந்தேன்.

பதினெட்டாம் தேதி பூசையில் வேறு இரண்டு ஜோடிகளுக்கு ஓலை வாசித்தார்கள். எங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். செல்வி மட்டும் நிமிர்ந்து, இன்னும் ஒரு தாள் பாக்கி இருக்கிறது என்பது போலச் சாமியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை அப்பாவும் அம்மாவும் அருளம்மாள் காலில் விழுந்தாவது கேட்டு வருகிறோம் என்று கிளம்பிப் போனார்கள். கோடை விடுமுறை, நான் வீட்டில் இருந்தேன். செல்வி என்னிடம் வந்தாள். நாலு நாளாக அவள் என்னோடு பேசவில்லை.

"நான் காலண்டர்ல எழுதிக் குடுத்தேனே, அது எங்கக்கா?"

"வெந்நீர் அடுப்புல போயிருக்கும் செல்வி. பிரதி எடுத்ததும் எதுக்குன்னு விட்டுட்டேன்."

அதை அடுப்பில் வைத்தவளும் நான்தான். பழைய காகிதம் சேர்ந்தால் வீட்டில் கரையான் வரும்.

அவள் வெந்நீர் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "போனாப் போகட்டும். எல்லாம் மனசுல அப்படியே இருக்கு. திரும்ப எழுதிச் சாமிகிட்டக் கொண்டுபோய்க் குடுக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதுன்னு ஒரு வரி வருமே, அதப் பாத்தா அவரே புரிஞ்சுக்குவாரு. யாரு பேரையும் சொல்ல வேண்டியதில்ல" என்றாள். என்மேல் கோபம்கூட இல்லாத குரல். என் கோடு போட்ட தாளையே எடுத்து, கூடத்தில் உட்கார்ந்து எழுதினாள். பகல் பன்னிரண்டு மணிக்கு முடித்துவிட்டாள். கையெல்லாம் மசி. அதைக் கழுவுவதற்கும் ஒரு குடம் தண்ணீர் எடுப்பதற்கும் தோட்டத்துக் கிணற்றுக்குப் போனாள். எங்கள் கிணறு நீங்கள் பார்த்ததுதான். மாடு கட்டி இறைக்கிற பக்கம் சுவர் கிடையாது. அந்தக் கல்லில் பாசி உண்டு என்று அப்பா வருஷா வருஷம் சொல்வார்.

இதற்கு மேல் நடந்ததை நான் என்று வைத்து எழுதிப் பார்த்தேன், சாமி. நான்கு தாள் வீணாயிற்று. ஆகவே அக்காள் என்று படர்க்கையில் எழுதுகிறேன். நடந்தது மாறாது.

அக்காள் கூடத்துக்கு வந்து அந்தத் தாள்களை எடுத்தாள். அவசரத்தில் எழுதியது, ஆனாலும் முன்னைவிட நன்றாக வந்திருந்தது. எல்லா இடத்திலும் 'அவள்' என்றே இருந்தது. பலகையைப் படிக்கத் தெரியாமல் அவள் நிற்கும் இடத்துக்கு அக்காள் வந்தபோது கிணற்றுப் பக்கம் குடம் உருளும் சத்தம் கேட்டது. தண்ணீரில் ஏதோ விழுந்தது. பிறகு "அக்கா" என்று ஒரு குரல். அக்காள் தாளைத் திருப்பினாள். "அக்கா, கயிறு. கயிறப் போடுக்கா." மாட்டுக் கயிறு வாசற்படியில்தான் கிடந்தது. கூடத்திலிருந்து கிணற்றுக்கு முப்பது அடி இருக்கும். இன்னும் இரண்டு முறை கூப்பிடும் சத்தம் வந்தது, ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொஞ்சம் நேரம் விட்டு. அக்காள் கடைசிப் பக்கத்தையும் படித்து முடித்தாள். அதன் பிறகு தாள்களை வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடி, தங்கை கிணற்றில் குதித்துவிட்டாள் என்று சொன்னாள்.

குதித்தவள் கயிறு கேட்கமாட்டாள். ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், விழுந்தாள் என்பது. நீங்கள் தயங்காமல் அவளை உள்ளே கொண்டுவரலாம். அம்மாவுக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்ட வேண்டுமானால் அதற்கும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அக்காள் ஏன் எழுந்து போகவில்லை என்று கேட்பீர்கள். அந்த வீட்டில் அவளை அக்கா என்று கூப்பிட ஒருத்திதான் இருந்தாள். இருந்தாலும் அன்று, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.